வளைந்த கால்களும் வளைந்த நீதியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஒரு கால்பந்தாட்டம் முடிகிறது. நடுவர் இறுதி ஊதலை ஊதிவிட்டார். ஆடியவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கலைந்து போகிறார்கள். அத்துடன் ஆட்டம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. சைக்கிள் நிறுத்தும் இடத்திலும், விடுதித் தாழ்வாரத்திலும், டீக்கடை பெஞ்சிலும் அதன் பிறகுதான் இரண்டாவது ஆட்டம் தொடங்குகிறது. அந்த ஆட்டத்திற்குப் பந்து தேவையில்லை. நாக்கு இருந்தால் போதும். அங்கே எப்போதும் மூன்று வழக்குகள்தாம் விசாரணைக்கு வரும். நடுவர் கொடுத்த தீர்ப்பு சரியா? ஆட்டக்காரர் நடந்துகொண்ட முறை சரியா? அவரை விட்டுவிட்டு இவரை அணியில் சேர்த்தது சரியா? இம்மூன்றுக்காகவும் விடிய விடிய வாதிடலாம், வாதிட்டும் வருகிறோம்.

இந்த மூன்று வழக்குகளும் ஒரே மனிதரின் வாழ்வில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அவர்தான் பிரேசில் நாட்டின் காரிஞ்சா. பெலேயின் பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் எவரும் இல்லை. அந்தப் பெலேயுடன் தோளோடு தோள் நின்று இரண்டு உலகக் கோப்பைகளை வென்று கொடுத்த காரிஞ்சாவின் வரலாற்றை அறிந்தவர்களோ மிகச் சிலரே. அவர் நாட்டு மக்கள் அவரை மக்களின் மகிழ்ச்சி என்று பட்டம் சூட்டி அழைத்தார்கள். மகிழ்ச்சி தந்தவருக்கு அம்மக்கள் திருப்பித் தந்தது என்ன என்பதே இக்கட்டுரை ஆராய விழையும் பொருள்.

ஆலைக் கிராமத்துச் சிட்டு

ரியோ டி ஜெனீரோ மாநிலத்தில் மாஜே வட்டாரத்து மலையடிவாரத்தில் இருக்கிறது பாவ் கிராந்தே என்னும் சிற்றூர். அங்கே ஒரு துணி ஆலை இருந்தது. ஊரே அந்த ஆலையைச் சுற்றி எழுந்ததுதான். அங்கே 1933ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் பிறந்த குழந்தைக்கு மனுவேல் ஃபிரான்சிஸ்கோ டோஸ் சாண்டோஸ் என்று பெயர் வைத்தார்கள். தந்தை அமாரோ அந்த ஆலையின் காவலாளி, குடிப்பழக்கம் உள்ளவர். உருவத்தில் மிகச் சிறியவனாக இருந்த தம்பியைப் பார்த்து அக்காள் ரோசா, காட்டில் திரியும் ஒரு சின்னஞ்சிறு குருவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். காரிஞ்சா என்பது அந்தக் குருவியின் பெயர். பெற்றோர் வைத்த பெயர் பதிவேட்டில் தங்கிவிட்டது. அக்காள் வைத்த பெயர் உலகமெங்கும் பறந்தது.

பிறவியிலேயே அவர் கால்கள் கோணலானவை. வலக்கால் உள்நோக்கி வளைந்தது; இடக்கால் வெளிநோக்கி வளைந்தது. அதாவது இரண்டு கால்களும் காற்றில் சாய்ந்த இரண்டு நாற்றுகளைப் போல ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. போதாக்குறைக்கு ஒரு கால் மற்றதைவிட ஆறு சென்டிமீட்டர் அளவுக்குக் குட்டை. இந்தக் கால்களுடன் ஒரு பையன் ஒழுங்காக நடந்தாலே போதும் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள்.

பதினான்காம் வயதில் ஆலை வேலைக்குப் போனார். நல்ல தொழிலாளி என்று அவரை எவரும் சொன்னதில்லை. வேலை நேரத்தில் உறங்குவார். சொல்லாமல் மீன் பிடிக்கப் போய்விடுவார். ஒருமுறை வேலையிலிருந்து நீக்கியும் விட்டார்கள். ஆனால் ஆலையின் கால்பந்து அணிக்கு அந்தப் பையன் வேண்டியிருந்தது. ஆகவே மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். இந்தச் சிறு நிகழ்ச்சியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். காலில் திறமை இருந்ததால் கைவேலையில் இருந்த குறை மன்னிக்கப்பட்டது. அவர் வாழ்வில் இது முதல் மன்னிப்பு. இதுவே கடைசி மன்னிப்பாக இருக்கவில்லை.

ரியோவின் பெரிய கழகங்கள் சிலவற்றின் வாசலுக்குப் போய் வெறுங்கையுடன் திரும்பியபின், 1953இல் பொடாஃபோகோ கழகத்தின் பயிற்சி ஆட்டத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. எதிரே நிறுத்தப்பட்டவர் நில்டன் சாண்டோஸ். பிரேசில் தேசிய அணியின் புகழ்பெற்ற தடுப்பாட்டக்காரர். பெயரும் தெரியாத கிராமத்துப் பையன் அவரையே தடுமாற வைத்துத் தாண்டிச் சென்றான். நில்டன் சாண்டோஸ் கோபப்படவில்லை. இந்தப் பையனை உடனே நம் கழகத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நாளை வேறு அணியில் இருந்துகொண்டு நம் உறக்கத்தைக் கெடுப்பான் என்ற கருத்தில் நிர்வாகிகளிடம் பேசினாராம். அவ்வாண்டு ஜூலை 19ஆம் நாள் பொன்சுசெஸோ அணிக்கு எதிராக நடந்த போட்டியில் காரிஞ்சா மூன்று கோல்கள் அடித்தார். அன்று முதல் பொடாஃபோகோவின் வலது ஓரம் அவருடைய சொந்த நிலமாயிற்று.

எல்லோருக்கும் தெரிந்த இரகசியம்

காரிஞ்சாவின் வித்தை ஒன்றே ஒன்றுதான். பந்தை முன்னால் நிறுத்தி, எதிரியின் முகத்துக்கு நேரே நிற்பார். உடலை இடப்பக்கம் சாய்ப்பார். போவது போலக் காட்டிப் போகமாட்டார். மறுபடியும் சாய்ப்பார். பிறகு சட்டென்று வலப்பக்கம் பாய்ந்துவிடுவார். அவர் வலப்பக்கம்தான் போவார் என்பது எதிரணிக்குத் தெரியும்; பயிற்சியாளருக்குத் தெரியும்; கடைசி வரிசையில் நிலக்கடலை கொறிக்கும் சிறுவனுக்கும் தெரியும். இருந்தும் எவராலும் தடுக்க முடியவில்லை.

இயற்பியல் படிக்கும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. எதிரியின் உடல் சாயும்போது, தடுப்பவர் தம் எடையை அந்தப் பக்கத்துக் காலுக்கு மாற்றியே ஆக வேண்டும். மாற்றிய எடையைத் திரும்ப மறுபக்கம் கொண்டுவர நிலைமத்தை வெல்ல வேண்டும். அதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். அந்தச் சிறிது நேரம் காரிஞ்சாவுக்குப் போதும். மற்றவர்களுக்குச் சாய்ந்தால்தான் சாய்வு; அவருக்கோ நிற்பதே சாய்வு. எந்தப் பக்கம் எடை இருக்கிறது என்பதை அந்தக் கோணல் கால்களைப் பார்த்து எவரால் கணிக்க முடியும்? குறை என்று மருத்துவர்கள் எழுதி வைத்ததே நிறையாக மாறியது இப்படித்தான்.

1958ஆம் ஆண்டு மெக்சிகோ நகரில் பொடாஃபோகோவும் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட்டும் மோதின. வைரோ என்னும் தடுப்பாட்டக்காரரைக் காரிஞ்சா திரும்பத் திரும்ப ஏமாற்றியபோது, பார்வையாளர்கள் காளைச் சண்டை அரங்கில் எழுப்பும் ஓலே என்ற முழக்கத்தை எழுப்பினார்கள். கால்பந்து மைதானத்தில் அந்த முழக்கம் பரவியதற்கு அந்த ஆட்டத்தையே தொடக்கமாகச் சொல்வார்கள்.

முதல் வழக்கு: அணித் தேர்வு

அதே 1958இல் சுவீடனில் உலகக் கோப்பை. பிரேசில் அணியில் காரிஞ்சாவும் இருந்தார். ஆனால் ஆஸ்திரியாவுடனும் இங்கிலாந்துடனும் நடந்த முதல் இரண்டு ஆட்டங்களில் அவர் இறக்கப்படவில்லை. வலது ஓரத்தில் ஜோயல் என்பவரே ஆடினார். ஏன்?

காரணம் பலவாறு சொல்லப்படுகிறது. போட்டிக்கு முன்பு இத்தாலியில் ஃபியோரெண்டினா கழகத்துடன் ஒரு நட்பு ஆட்டம். காரிஞ்சா தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி, கோல் காப்பாளரையும் தாண்டிவிட்டார். கோல் வாய் திறந்து கிடக்கிறது. பந்தைத் தட்டிவிடுவதற்குப் பதிலாக, ஓடிவரும் ஓர் எதிரிக்காகக் காத்திருந்து, அவரையும் ஏமாற்றிவிட்டுத்தான் கோல் அடித்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள், பயிற்சிக் குழுவினர் சிரிக்கவில்லை. உலகக் கோப்பையில் இந்த விளையாட்டுப் புத்தி ஆகாது என்று அவர்கள் எண்ணியதாகச் சொல்வார்கள்.

மற்றொரு காரணமும் உண்டு. அந்த அணியுடன் ஜோவா கார்வல்யாஸ் என்ற உளவியல் வல்லுநர் சென்றிருந்தார். சாவோ பாவ்லோ நகரில் பேருந்துத் தொழிலாளர் தேர்வில் பணியாற்றிய அனுபவம் உடையவர். அவர் ஆட்டக்காரர்களுக்கு எழுத்துத் தேர்வும் படம் வரையும் தேர்வும் வைத்தார். காரிஞ்சாவுக்கு மிகக் குறைந்த மதிப்பெண். பொறுப்புணர்வு போதாது, ஆடவைக்க வேண்டாம் என்பது அவர் முடிவு. பதினேழு வயதுப் பெலேயும் அந்தத் தேர்வில் தேறவில்லை. இன்னும் பிள்ளைத்தனம் மாறவில்லை என்று அவரைப் பற்றியும் எழுதப்பட்டது. உலகம் கண்ட மிகச் சிறந்த இரண்டு ஆட்டக்காரர்கள் ஒரே தாளில் தோற்றுப்போனார்கள்!

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலில் மிதித்திருப்பது நான்தான். ஒரு மதிப்பெண் பட்டியல் எத்தனை கதவுகளைத் திறக்கும், எத்தனை கதவுகளை மூடும் என்பதை என் போன்றவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தேர்வே கூடாது என்று நான் வாதிட வரவில்லை. தேர்வு இல்லாவிட்டால் சிபாரிசுதான் மிஞ்சும். ஆனால் நீளத்தை அளக்கத் தராசு உதவாது. எடையை அளக்க அளவுகோல் உதவாது. பேருந்து ஓட்டுநருக்கு வேண்டிய நிதானத்தை அளக்கும் கருவியால், எதிரியை நிதானம் இழக்கச் செய்யும் கலையை எப்படி அளக்க முடியும்? கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. பொருளுக்குப் பொருந்தாத கருவியை எடுத்தவரையே சொல்ல வேண்டும்.

பயிற்சியாளர் விசென்டே ஃபியோலா அந்த அறிக்கையை ஓரம் வைத்தார். ஜூன் 15ஆம் நாள் கோத்தன்பர்க் நகரில் சோவியத் அணியை எதிர்த்துக் காரிஞ்சாவும் பெலேயும் களம் இறங்கினார்கள். எதிரே கோல் காப்பவர் லெவ் யாஷின். ஆட்டம் தொடங்கிய உடனே காரிஞ்சா அடித்த பந்து கம்பத்தில் மோதியது; பெலே அடித்ததும் சட்டத்தில் மோதியது; மூன்றாம் நிமிடத்தில் வாவா கோல் அடித்தார். அந்த மூன்று நிமிடங்களைக் கால்பந்து வரலாற்றின் ஒப்பற்ற மூன்று நிமிடங்கள் என்று இன்றும் போற்றுகிறார்கள். பிரேசில் 2-0 என்று வென்றது. இறுதி ஆட்டத்தில் சுவீடன் முதலில் கோல் அடித்தபோது, காரிஞ்சா வலது ஓரத்திலிருந்து அனுப்பிய பந்துகளில்தான் வாவா இரண்டு கோல்கள் அடித்து ஆட்டத்தைத் திருப்பினார். 5-2 என்ற கணக்கில் கோப்பை பிரேசிலுக்கு வந்தது. அதன்பின் பெலேயும் காரிஞ்சாவும் சேர்ந்து ஆடிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதே இல்லை.

அணித் தேர்வில் நிபுணர்தான் தவறுவார், ரசிகர் தவறமாட்டார் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். மறு ஆண்டே, 1959 மே 13ஆம் நாள், மரக்கானா மைதானத்தில் இங்கிலாந்துடன் ஆட்டம். ஃபியோலா அன்று காரிஞ்சாவை இறக்காமல் ஜுலினோ என்பவரை இறக்கினார். பெயர் அறிவிக்கப்பட்டதும் மைதானம் முழுவதும் எழுந்து கூச்சலிட்டது. சொந்த நாட்டு ஆட்டக்காரரையே சொந்த நாட்டு மக்கள் ஏசினார்கள். ஜுலினோ தலைகுனிந்து வந்தார். சில நிமிடங்களிலேயே கோல் அடித்தார். ஆட்டம் முழுவதும் அற்புதமாக ஆடினார். ஏசிய அதே மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்று பிரேசில் 2-0 என்று வென்றது. காரிஞ்சாமீது கொண்ட அன்பு, ஜுலினோ என்ற நல்ல ஆட்டக்காரரைப் பார்க்கவிடாமல் கண்களை மறைத்துவிட்டது. அன்புக்கும் அளவுகோல் தேவை என்பதற்கு இது முதல் சாட்சி.

இரண்டாம் வழக்கு: நடுவர் தீர்ப்பு

1962இல் உலகக் கோப்பை சிலி நாட்டில் நடந்தது. இரண்டாவது ஆட்டத்தில், செக்கோஸ்லோவாக்கியாவுடன் மோதியபோது, பெலேக்குத் தொடையில் காயம். அக்காலத்தில் மாற்று ஆட்டக்காரரை இறக்க விதி இடம் தரவில்லை. பெலே நொண்டிக்கொண்டே ஓரத்தில் நின்றார். பந்து அவரிடம் வந்தபோதெல்லாம் செக் அணியின் மசோபுஸ்டும் போப்லுஹாரும் அவர்மீது பாயாமல் ஒதுங்கி நின்றார்கள். காயம்பட்டவனை மேலும் நோகடிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. ஆட்டம் கோலின்றி முடிந்தது. இந்தப் பெருந்தன்மையை மறவாமல் மேலே செல்வோம்.

பெலே இல்லாத பிரேசிலைக் காரிஞ்சா தனி ஆளாகத் தூக்கி நிறுத்தினார் என்றால் மிகையாகாது. கால் இறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல்கள். அரை இறுதியில், ஜூன் 13ஆம் நாள், சாண்டியாகோவில் சிலியை அதன் சொந்த மண்ணில் எதிர்த்து மீண்டும் இரண்டு கோல்கள். பிரேசில் 4-2 என்று வென்றது. ஆனால் அந்த ஆட்டம் முடிய ஏழு நிமிடங்கள் இருக்கும்போது ஒரு விபரீதம் நிகழ்ந்தது. ஆட்டம் முழுவதும் அடியும் உதையும் வாங்கிய காரிஞ்சா, பொறுமை இழந்து, எலாடியோ ரோஜாஸ் என்ற சிலி ஆட்டக்காரரை முழங்காலால் பின்புறம் இடித்தார். பெரிய அடி அல்ல. பெரு நாட்டு நடுவர் அர்டுரோ யமாசாகி அதைப் பார்க்கவில்லை. எல்லைக்கோட்டு நடுவரான உருகுவேயின் எஸ்டெபான் மரினோ பார்த்துச் சொன்னார். யமாசாகி காரிஞ்சாவை வெளியே அனுப்பினார். வெளியேறும்போது கூட்டத்திலிருந்து எறியப்பட்ட பொருள் அவர் தலையைக் காயப்படுத்தியது.

அக்காலத்தில் சிவப்பு அட்டையும் இல்லை, மஞ்சள் அட்டையும் இல்லை. வெளியேற்றப்பட்டவருக்கு அடுத்த ஆட்டத்தில் தானாகவே தடை விழும் விதியும் இல்லை. ஒரு குழு கூடி, நடுவரின் அறிக்கையைப் படித்து, சாட்சியைக் கேட்டு முடிவு செய்யும். இங்கேதான் வேடிக்கை தொடங்கியது. பிரேசில் பிரதமர் தாங்க்ரெடோ நெவெஸ் உலகக் கால்பந்துக் கழகத்துக்கு வேண்டுகோள் அனுப்பினார். தூதர்கள் ஓடினார்கள். நிகழ்ச்சியைக் கண்ணால் கண்ட ஒரே அதிகாரியான மரினோ, விசாரணைக்கு முன்பே சிலியை விட்டுப் போய்விட்டார். யார் சொல்லிப் போனார், எதற்காகப் போனார் என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். நடுவரோ தாம் நேரில் பார்க்கவில்லை என்றார். சாட்சி இல்லாத வழக்கு எச்சரிக்கையோடு முடிந்தது. ஜூன் 17ஆம் நாள் இறுதி ஆட்டத்தில், காய்ச்சலோடு, காரிஞ்சா ஆடினார்.

எதிரணி எது? அதே செக்கோஸ்லோவாக்கியா. காயம்பட்ட பெலேமீது பாயாமல் ஒதுங்கி நின்ற அதே மசோபுஸ்ட், அதே போப்லுஹார். மசோபுஸ்ட்தான் முதல் கோலையும் அடித்தார். முடிவில் பிரேசில் 3-1 என்று வென்றது. காரிஞ்சா அன்று கோல் அடிக்கவில்லை. காய்ச்சலில் வழக்கமான ஆட்டமும் ஆடவில்லை. ஆனால் அவர் நிற்கும் இடத்தில் எதிரணியின் இருவரோ மூவரோ நின்றாக வேண்டும். அதனால் வேறிடம் காலியாகும். அவர் இல்லாதிருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பதை எவரும் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க வேண்டியதும் இல்லை. ஆடக்கூடாத ஒருவர் ஆடினாரா இல்லையா என்பதே கேள்வி.

காரிஞ்சாவை நேசிக்கும் எந்த ரசிகரைக் கேட்டாலும், பட்ட அடிகளுக்கு அந்த ஓர் இடி ஒரு பொருட்டா என்பார். உண்மைதான்; என் நெஞ்சும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பிராகா நகரில் வானொலி முன் அமர்ந்திருந்த ஒரு செக் ரசிகரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். நம் ஆட்டக்காரர்கள் காயம்பட்டவனிடம் கண்ணியம் காட்டினார்கள். எதிரணியோ வெளியேற்றப்பட்டவரைத் தூதர்களின் துணையோடு உள்ளே கொண்டுவந்தது என்றுதானே அவர் மனம் எரிந்திருக்கும்? நடுவரின் தீர்ப்பு சரி. அதைத் திருத்திய தீர்ப்பு தவறு. நமக்குப் பிடித்தவர் பயனடைந்தார் என்பதால் தவறு சரியாகிவிடாது.

அந்தப் போட்டியிலேயே ஜூன் 2ஆம் நாள் சிலியும் இத்தாலியும் மோதிய ஆட்டம் சண்டைக்களமாக மாறியது. குத்து விட்ட சிலி ஆட்டக்காரர் லியோனல் சாஞ்செஸ் களத்திலேயே நின்றார். இத்தாலியர் இருவர் வெளியேற்றப்பட்டனர். அதன் நடுவர் கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேயர். உலகமே அவரை ஏசியது. பின்னாளில் போக்குவரத்து விளக்குகளைப் பார்த்து மஞ்சள், சிவப்பு அட்டைகளுக்கு யோசனை சொன்னவர் அவரே. 1970இல் மெக்சிகோ உலகக் கோப்பையில் அவை முதன்முறையாக வந்தன. தீர்ப்பு ரகசியமாக இருக்கக்கூடாது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும் என்பதே அதன் உட்பொருள். இன்று சிவப்பு அட்டை பெற்றவர் அடுத்த ஆட்டத்தில் ஆட முடியாது; எந்தப் பிரதமரின் தந்தியும் உதவாது.

மூன்றாம் வழக்கு: நடத்தை

களத்தில் காரிஞ்சா பொதுவாகக் கெட்ட ஆட்டக்காரர் அல்லர். 1960இல் ஃபுளுமினென்ஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தில் எதிரணியின் பின்ஹெய்ரோ காயமுற்று விழுந்தார். கோல் அடிக்க வழி திறந்திருந்தும், காரிஞ்சா பந்தை வேண்டுமென்றே வெளியே உதைத்தார், விழுந்தவருக்கு உதவி கிடைக்கட்டும் என்று. எதிரணியும் நன்றியோடு பந்தைத் திருப்பிக் கொடுத்தது. இன்று உலகமெங்கும் நிலவும் ஒரு நல்ல வழக்கத்திற்கு இந்நிகழ்ச்சியை முன்னோடியாகக் காட்டுவார்கள்.

களத்திற்கு வெளியே கதை வேறு. தந்தையை வாட்டிய குடி மகனையும் பிடித்துக்கொண்டது. ஆலையில் பழகி மணந்த நாயிர் என்ற மனைவிக்கும் எட்டுப் பெண் குழந்தைகளுக்கும் அவர் உரிய ஆதரவாக இருக்கவில்லை. பின்னர் புகழ்பெற்ற சாம்பா பாடகி எல்சா சோயர்ஸுடன் வாழ்ந்தார். குடும்பத்தை விட்டுப் போனவர் காரிஞ்சா. ஆனால் ரசிகர்களின் கோபம் விழுந்தது எல்சாவின்மீது. அவர் வீட்டின்மீது கல் எறிந்தார்கள். வீரனின் தவற்றுக்குப் பெண்ணைக் குற்றவாளியாக்கும் அந்தத் தீர்ப்பில் எந்த நீதி இருந்தது?

இதற்கிடையே முழங்கால் தேய்ந்துகொண்டே வந்தது. காரிஞ்சா ஆடினால் வெளிநாட்டு ஆட்டங்களில் கழகத்துக்குக் கூடுதல் தொகை கிடைக்கும். ஆகவே ஊசி போட்டு ஆடவைத்தார்கள். 1964இல் அறுவை நடந்தது. பழைய பாய்ச்சல் திரும்பவில்லை. 1966இல் அவரைக் கொரிந்தியன்ஸ் கழகத்துக்கு விற்றார்கள். அவ்வாண்டு இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பைக்கும் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பல்கேரியாவுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். அடுத்த ஆட்டத்தில் ஹங்கேரி 3-1 என்று வென்றது. தேசியச் சட்டை அணிந்து காரிஞ்சா கண்ட ஒரே தோல்வி அது. கடைசி ஆட்டமும் அதுவே. 1958இல் அவரை ஒதுக்கியது தவறு என்றால், 1966இல் அவரைச் சேர்த்ததும் தவறே. முதல் தவற்றுக்குக் காரணம் அவநம்பிக்கை; இரண்டாவதற்குக் காரணம் பாசம்.

1969இல் அவர் ஓட்டிச் சென்ற கார் விபத்துக்குள்ளாகி எல்சாவின் தாய் இறந்தார். அந்தத் துயரத்திலிருந்து அவர் மீளவே இல்லை. குடி மேலும் முற்றியது. குடிபோதையில் எல்சாவை அடித்தார். 1977இல் அவர்கள் பிரிந்தார்கள். இவற்றை மறைத்து வரலாறு எழுதுவது முறையன்று. புகழுரை எழுதுவது எளிது. ஆனால் அடிவாங்கிய பெண்ணுக்கு அது செய்யும் அநீதி பெரிது.

1973 டிசம்பர் 19ஆம் நாள் மரக்கானாவில் அவருக்கு வழியனுப்பு ஆட்டம் நடந்தது. 1,31,000க்கும் மேற்பட்டோர் வந்து குவிந்தார்கள். ஒவ்வொருவரும் கைதட்டினார்கள். 1980இல் திருவிழா ஊர்வலத்தில் அலங்கார வண்டியின்மேல் அவரை உட்கார வைத்தார்கள். மருந்தின் மயக்கத்தில், யாருக்குக் கையசைக்கிறோம் என்பதே தெரியாதவர்போல் அவர் அமர்ந்திருந்தார். 1983 ஜனவரி 20ஆம் நாள், கல்லீரல் கெட்டு, ரியோ மருத்துவமனை ஒன்றில் காரிஞ்சா இறந்தார். வயது நாற்பத்தொன்பதுதான். உடல் மரக்கானாவில் வைக்கப்பட்டது. பின்பு பாவ் கிராந்தே மண்ணுக்குக் கொண்டு செல்லப்பட்டது. வழியெங்கும் மக்கள் திரண்டு அழுதார்கள். எல்சா சோயர்ஸ் 2022இல், அதே ஜனவரி 20ஆம் நாளில் மறைந்தார். தலைநகர் பிரேசிலியாவின் பெரிய விளையாட்டரங்கு இன்றும் காரிஞ்சாவின் பெயரையே தாங்கி நிற்கிறது.

தீர்ப்பு எழுதும் நாம்

ஆலை நிர்வாகம் மன்னித்தது, அணிக்கு வேண்டும் என்று. கழகம் மன்னித்தது, பணம் வரும் என்று. விசாரணைக் குழு மன்னித்தது, கோப்பைக்கு வேண்டும் என்று. மக்கள் மன்னித்தார்கள், மகிழ்ச்சி தருகிறார் என்று. மன்னித்தவர்களில் எத்தனை பேர் அந்த மனிதரின் நலனை எண்ணி மன்னித்தார்கள்? நண்பர்கள் சிலர் கை கொடுக்க முயன்றார்கள். எல்சா பல ஆண்டுகள் போராடினார். ஆனால் லட்சம் கைகள் தட்டும் ஓசையில் அந்த ஓரிரு குரல்கள் அவர் காதில் விழவில்லை. குடி ஒரு நோய். கைதட்டல் அதற்கு மருந்து ஆகாது. காரிஞ்சாவின் சாவுக்கு ரசிகர்களே காரணம் என்று சொல்லமாட்டேன். அவரைத் தவறென்று சொல்லித் தடுக்கும் துணிவு அன்பு செலுத்தியவர்களிடம் இல்லை என்றே சொல்கிறேன்.

அன்பு நண்பர்களே, விளையாட்டைப் பற்றி வாதிடுவது வீண் வேலை என்று பெரியவர்கள் சிலர் சொல்லக்கூடும். நான் அப்படி எண்ணவில்லை. நீதி என்றால் என்ன என்பதை நம்மில் பலர் முதலில் பழகுவதே அந்த வாதங்களில்தான். ஆனால் நம் அணிக்கு எதிராக ஊதப்பட்ட ஊதலும் சரியாக இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொள்ளாதவன் வாதிடவில்லை, கூச்சலிடுகிறான். நமக்குப் பிடித்தவர் தவறினால் தவறினார் என்று சொல்வோம். பிடிக்காதவர் நன்றாக ஆடினால், மரக்கானா மக்கள் ஜுலினோவுக்குச் செய்தது போல, எழுந்து நின்று கைதட்டுவோம். வளைந்த கால்களால் ஓர் ஆட்டக்காரர் உலகையே வெல்லலாம். வளைந்த நீதியால் எந்த அணியும், எந்த நாடும், எந்த மனிதனும் நெடுநாள் நிமிர்ந்து நிற்க முடியாது. காரிஞ்சாவின் வாழ்க்கை நமக்குச் சொல்லும் செய்தி இதுவே.